பன்னிரண்டு எடை

ஆட்களை எடை போடுவதுதான் என் தொழில். கேலிக்குச் சொல்லவில்லை. காசிமேடு மகளிர் கால்பந்து அணியில் என் பதவியின் பெயரே எடை மேலாளர். எடையின் உச்சவரம்பை ஆங்கிலத்தில் ‘கேப்’ என்பதால் வீராங்கனைகள் என்னை ‘கேப் சார்’ என்பார்கள். ஃபிலோ அக்கா மட்டும் நல்ல நாளில் ‘பிரதாபு’ என்றும் மற்ற நாட்களில் ‘கணக்குப்பிள்ளை’ என்றும் கூப்பிடுவார். ஃபிலோமினா எங்கள் பயிற்சியாளர். அவர் வாயைத் திறந்தால் மைதானத்துக் காக்கைகள் எழுந்து கோல்கம்பத்துக்குப் போய்விடும்.

துலா வருவதற்கு முன்பு இப்படி ஒரு வேலை கிடையாது. அந்தக் காலத்தில் பணம் படைத்த கிளப் நல்ல ஆட்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போகும். மிச்சம் மீதியை வைத்துக்கொண்டு நாங்கள் தோற்போம். பிறகு லீக் நிர்வாகம் துலாவைக் கொண்டுவந்தது. கணுக்காலில் ஒரு பட்டை, மைதானத்தைச் சுற்றிக் கேமராக்கள். ஒருத்தி ஓடுவது, நிற்பது, மூச்சு வாங்குவது, தூங்குவது என்று எல்லாவற்றையும் அது பார்க்கும். பார்த்துவிட்டு, அடுத்த மூன்று மாதங்களில் அவள் எவ்வளவு பயன்படுவாள் என்று ஒரே ஓர் எண்ணைச் சொல்லும். அதுதான் அவள் எடை. எடைக்கு ஏற்ற சம்பளம். பேரம் கிடையாது, சிபாரிசு கிடையாது, மாமன் மச்சான் கிடையாது. ஓர் அணியின் மொத்த எடை ஆயிரத்தைத் தாண்டக் கூடாது. பத்து அணிகளுக்கும் அதே ஆயிரம்தான்.

எனக்குத் துலா மேல் இருந்தது பக்தி. ஆறு வருடத்தில் அது சொன்னது எதுவும் தப்பியதில்லை. ஒருத்திக்கு மூட்டு வலி வருவதற்கு முன்பே எடையைக் குறைத்துவிடும். வீட்டில் கல்யாணப் பேச்சு ஆரம்பித்தால் எடை லேசாக ஆடும். பெண்ணின் சித்தப்பாவுக்குத் தெரிவதற்கு முன் எனக்குத் தெரிந்துவிடும். காணிக்கை கேட்காத சாமி என்று நினைத்துக்கொள்வேன்.

போன சீசனில் நாங்கள் கடைசி இடம். அதில் ஒரு லாபம் உண்டு. டிராஃப்டில், அதாவது கிளப்புகள் ஆட்டக்காரிகளை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நாளில், கடைசி அணிக்குத்தான் முதல் கை. நந்தம்பாக்கத்தில் ஒரு பெரிய மண்டபத்தில், ஏசி குளிரில் நடுங்கிக்கொண்டே, நான் பிரணிதாவை எடுத்தேன். எண்பத்துநான்கு எடை, கண்ணை மூடிக்கொண்டு கோல் அடிப்பவள். எங்கள் கேப்டன் நஸ்ரின் எழுபத்தொன்று, அவள் ஏற்கெனவே கையில் இருந்தாள். சுற்றுச் சுற்றாக மற்றவர்களையும் எடுத்து முடித்தபோது ஓர் இடம் காலி, பன்னிரண்டு எடை மிச்சம். திரையின் அடிவாரத்தில் ஒரு பெயர் கிடந்தது. கவினயா, நடுக்களம், கடலூர் தேவனாம்பட்டினம், வயது இருபத்துநான்கு, எடை பன்னிரண்டு. மூன்று வருடத்தில் மூன்று கிளப் மாறியவள்.

“இவளை எடுத்துக்கறேன்க்கா” என்றேன்.

“ஆட்டத்தப் பாத்தியா?” என்றார் ஃபிலோ அக்கா.

“எடையைப் பாத்தேன். சரியா ஆயிரம் வருது.”

“தராசப் பாத்துட்டு மீனப் பாக்காம வர்றவன உன்னத்தான்பா பாக்குறேன்” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு ஆயிரம் சரியாக வந்ததில் ஏற்பட்ட சந்தோஷத்தில் அது உறைக்கவில்லை.

கவினயா வந்தாள். ஒல்லி, கறுப்பு, அதிகம் பேசாதவள். பயிற்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாராட்டவும் ஒன்றுமில்லை. முதல் வாரம் முடிந்ததும் அக்கா என்னிடம் வந்தார்.

“ஓடறா, நிக்கறா. பந்து வந்தா ஒடனே இன்னொருத்திக்குக் குடுத்துடறா. கால்ல வச்சுக்கவே மாட்டேங்கறா. பந்தா அது, அடுப்புலேர்ந்து எறக்கின வாணலியா?”

“பன்னெண்டு எடைக்கு வேற எப்படிக்கா இருப்பா?”

அக்கா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முதல் ஆட்டம் கோவை அணியோடு. வழக்கம்போல நான் ஓரத்தில் உட்கார்ந்து பலகைக் கணினியில் எண்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்குச் சற்று முன் ஃபிலோ அக்கா என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். “அந்தப் பலகைய வெச்சுட்டு ஆட்டத்தப் பாருடா.”

பார்த்தேன். முதலில் ஒன்றும் புரியவில்லை. எங்கள் ஆட்கள்தான், ஆனால் எங்கள் ஆட்கள் மாதிரி இல்லை. இடப்பக்கத் தடுப்பாட்டக்காரி ஜென்சி, பந்து தன் பக்கம் வந்தாலே முகம் வெளிறுகிறவள், எதிராளியைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தாள். நஸ்ரின் தன் ஆயுளில் பந்தைப் பாதி மைதானத்துக்கு அப்பால் அனுப்பியதில்லை. அன்று அனுப்பினாள், அனுப்பிவிட்டுச் சிரிக்கவும் செய்தாள். பிறகுதான் நடுவில் இருந்த அந்த ஒல்லிப் பெண்ணைக் கவனித்தேன். பந்து அவளிடம் வருவதற்கு முன்பே அவள் தலையைத் திருப்பி யாரையோ பார்த்திருப்பாள். அடுத்த நொடி பந்து அவளிடம் இருக்காது. போய்ச் சேருகிற இடத்தில் ஒருத்தி அப்போதுதான் வந்துகொண்டிருப்பாள். அவள் திரும்ப வேண்டாம், நிற்க வேண்டாம், பந்தை அடக்க வேண்டாம். உனக்கு எந்தக் கால் வசதி என்று கேட்டுவிட்டு வந்ததைப் போல அந்தக் காலுக்கே பந்து வரும்.

பிரணிதா கோல் அடித்தாள். பந்தைக் கொடுத்தவள் ஜென்சி. ஜென்சிக்குக் கொடுத்தவள் நஸ்ரின். நஸ்ரினுக்குக் கொடுத்தவள் கவினயா, பதிவில் எங்கேயும் அவள் பெயர் இல்லை. இத்தனை வருடம் கால்பந்து வேலையில் இருந்துவிட்டு, அன்றுதான் கால்பந்தைப் பார்த்ததாகத் தோன்றியது.

திங்கள்கிழமைதான் துலா எடை சொல்லும் நாள். காலையில் எல்லோர் கைப்பேசியிலும் புது எண் வரும். சீசன் ஓட ஓட, திங்கள்கிழமை எங்களுக்குத் தீபாவளியானது. ஜென்சிக்கு எடை இரட்டிப்பு. நஸ்ரின் தொண்ணூற்றாறு. பிரணிதா நூற்றுப்பதினெட்டு, லீக்கில் அதுவரை யாரும் எட்டாத எடை. யார் வீட்டிலிருந்தாவது பிரியாணி வந்துகொண்டே இருந்தது. கவினயா பன்னிரண்டு. அடுத்த வாரமும் பன்னிரண்டு. அவள் எல்லோருக்கும் கைகொடுத்துவிட்டு மூலையில் உட்கார்ந்து காலுறையைக் கழற்றுவாள்.

அட்டவணையில் இரண்டாம் இடம் வந்தோம். எனக்குத் தூக்கம் போயிற்று.

“ஜெயிச்சா சந்தோஷப்படணும். நீ ஏன் கருமாதிக்கு வந்தவன் மாதிரி கீற?” என்றார் அக்கா.

“சீசன் பாதியில எடைநாள் வருதுக்கா. வெள்ளிக்கிழமை. நம்ம மொத்தம் ஆயிரத்து நூத்து முப்பத்தெட்டு. ஆளை விட்டுக் குறைக்கலன்னா லீக்கை விட்டே வெளிய போகணும்.”

“நல்லா ஆடினா தண்டனையா?”

“எல்லா டீமும் சமமா இருக்கணும்னுதான. சீசன் கடைசியில இன்னொரு எடைநாள் இருக்கு. அப்போ ஆளை மாத்த முடியாது. தாண்டினா கடைசியா ஜெயிச்ச ஆட்டம் ரத்து.”

“சரி, யாரை விடணும்னு உன் சாமியையே கேளு.”

கேட்டேன். குறைந்த இழப்பில் ஆயிரத்துக்குள் வர என்ன வழி என்று கேட்டேன். துலா ஒரே வரியில் பதில் சொன்னது: ‘கவினயாவை விடுவிக்கவும். எதிர்பார்க்கப்படும் மொத்த எடை: 991.’

ஆயிரத்து நூற்று முப்பத்தெட்டில் பன்னிரண்டு போனால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றா? மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சிரிக்கும். மறுபடி கேட்டேன். அதே பதில். ஆறு வருடத்தில் முதல்முறையாகச் சாமிக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்து, பழைய மகாபலிபுரம் சாலையில் இருக்கும் லீக் அலுவலகத்துக்குப் போனேன்.

டாக்டர் மீனலோசனிதான் துலாவுக்குப் பொறுப்பு. நரைத்த கிராப்பு வைத்த, சாந்தமான பெண்மணி. நான் உட்காருவதற்குள் “கவினயா பத்தியா?” என்றார்.

“துலாவுக்கு ஏதோ கோளாறுன்னு வந்தேன் மேடம்.”

“கோளாறு இல்ல. அது சரியாத்தான் சொல்லுது. அவ போயிட்டா மத்தவங்க எல்லாரும் கிட்டத்தட்ட பழைய எடைக்கு இறங்கிடுவாங்க.”

“அப்படின்னா அவ எடை எப்படிப் பன்னெண்டா இருக்கு?”

“ஒருத்தர் கால்ல நடக்கறதை மட்டும்தான் அவங்க கணக்குல எழுதணும்னு சட்டம். வீராங்கனைங்க சங்கமே போராடி வாங்கின சட்டம். எனக்கு ஏன் இவ்வளவுதான்னு யாராவது கேட்டா, இந்த ஓட்டம், இந்தப் பந்துன்னு எடுத்துக் காட்டணும். நியாயம்தான? கவினயாவால ஜென்சி நல்லா ஆடினா, அது ஜென்சி கால்லதான் நடக்குது. ஜென்சி கணக்குலதான் ஏறும்.”

“இது யாரால நடக்குதுன்னு துலாவுக்குத் தெரியுமா?”

“நல்லாத் தெரியும். எழுத அதுக்கு இடம் இல்ல, அவ்வளவுதான். நூத்தியெண்பது ஆட்டக்காரிங்க இருக்காங்க. இப்படி ஒருத்தி இவ மட்டும்தான். மத்தவங்க திறமைசாலிங்க. இவ பக்கத்துல நின்னா மத்தவங்க திறமைசாலி ஆகறாங்க. அதை நான் முதல் தடவை பார்த்தப்போ ரெண்டு நாள் வேற வேலை ஓடல.”

அதைச் சொல்லும்போது அவர் முகம் சிறுபிள்ளை முகம்போல் ஆகிவிட்டது. எனக்கும் அதே பிரமிப்புத்தான். ஆனால் ஓர் ஓரத்தில் கோபமும் ஏறிக்கொண்டிருந்தது.

“முதல் தடவைன்னா எப்போ மேடம்?”

“ரெண்டு வருஷம் முன்னால.” அவர் மேசையைப் பார்த்தார். “சட்டத்தைத் திருத்தலாம்னு பேச்சு வந்தது. திருத்தினா அவ எடை முந்நூறு. எந்தக் கடைசி டீமாலயும் எடுக்க முடியாது. இப்போ பாருங்க, பன்னெண்டுங்கறதால வருஷா வருஷம் கடைசி டீம் கடைசி இடத்துல ஒட்டவெச்சுக்குது. அது மேல வருது. எடை தாண்டுது. அவளை விட்டுடுது. அடுத்த வருஷம் அடுத்த கடைசி டீம். இப்படி ஒரு சமநிலையை நாங்க திட்டம் போட்டுக்கூடக் கொண்டுவந்திருக்க முடியாது. மைதானம் நிறையுது, எல்லாருக்கும் சந்தோஷம். பேச்சு அப்படியே நின்னுபோச்சு.”

“அவகிட்ட யாராவது சொன்னீங்களா?”

“இல்ல” என்றார். பேனாவை மூடிவைத்துவிட்டு, “துலாகிட்ட ஒரு தடவை திருப்பிக் கேட்டேன். இவளை யார் தூக்கிவிடறாங்கன்னு. யாரும் இல்லைன்னு வந்தது. போன இடத்துல எல்லாம் ஒருத்தர்கூட இல்ல” என்றார்.

காசிமேடு திரும்பியபோது பயிற்சி ஆரம்பிக்கவில்லை. கவினயா மைதானத்து வாசலிலேயே எனக்காகக் காத்திருந்தாள்.

“சார், விடறதா இருந்தா வெள்ளிக்கெழமைக்கு முன்னாடியே சொல்லிடுங்க சார். போன தடவ பஸ்ல ஏறுன அப்பறந்தான் ஃபோன் பண்ணிச் சொன்னாங்க.”

“யார் விடறதாச் சொன்னா?”

“எல்லாரும் ஏறுறாங்க, நான் மட்டும் ஏற மாட்டேங்கறேன். நான் போனா எடை சரியாயிடும். மூணு எடத்துலயும் அப்படித்தான் சார் ஆச்சு. நான் பாரம்னு எனக்கே தெரியும். இந்த வாட்டி ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன். எறால் கம்பெனில ஆள் கேக்கறாங்களாம்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, அழுதும் சொல்லவில்லை. மழை வரும்போலிருக்கு என்பதுபோல் சொன்னாள். பின்னாலேயே வந்த ஃபிலோ அக்காவிடம், அங்கேயே நின்று, மீனலோசனி சொன்னதை எல்லாம் சொன்னேன். அக்கா முழுவதையும் கேட்டார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அவர் திட்டாமல் இருந்து அன்றுதான் பார்த்தேன். பிறகு விசிலை ஊதி எல்லோரையும் கூட்டினார்.

“இன்னொரு தபா சொல்லு. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லு.”

சொன்னேன். சொல்லி முடித்தபோது பதினேழு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் பேசியவள் பிரணிதா.

“அப்போ நான் அடிச்ச கோல் எல்லாம்?”

“நீதான் அடிச்ச.”

“என் கால் என்னோடது சார்” என்றாள். அவள் சொன்னதும் பொய்யில்லை. அவள் எத்தனை விடிகாலை தனியாக நின்று பந்தை அடித்துப் பழகினாள் என்று எனக்குத் தெரியும்.

கவினயா நம்பவே இல்லை. “சும்மா ஆறுதலுக்குச் சொல்றீங்க” என்றாள். துலா எழுதிய அந்த ஒற்றை வரியைக் காட்டினேன். உதடு அசைய அசைய இரண்டு முறை படித்தாள்.

“சேலம் டீம்ல கோல்கீப்பர் அக்கா ஒருத்தவங்க இருந்தாங்க. அந்த வருஷம் அவங்களுக்கு நல்லா ஏறிச்சு. அதுவும் இப்படித்தானா?”

“அதுவும்தான்.”

“நான் போம்போது அவங்க எனக்குச் சுடிதார் எடுத்துக் குடுத்தாங்க சார். உனக்கு நேரம் சரியில்ல, சாமி கும்பிடுன்னாங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் அப்படியே புல்லில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. ஜென்சி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அவளை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் வேறு எடையை இறக்க வேண்டும். வெறும் நூற்று முப்பத்தெட்டு போதாது. அவள் இருக்கும்வரை மிச்சமிருப்பவர்கள் ஏறிக்கொண்டேதான் இருப்பார்கள், ஏறுவதற்கும் இடம் விட வேண்டும். அப்படிப் பார்த்தால் இரண்டு பெயர்கள்தான். அதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன்.

“நான் போறேன்” என்றாள் நஸ்ரின்.

“இன்னாடி பேசற? நீ பொறந்ததே இந்தத் தெருவுல” என்றார் அக்கா.

“அதுக்காக இங்கயே கல்லு மாதிரி கெடக்கணுமாக்கா? எனக்கு முப்பத்தொண்ணு ஆவுது. இந்தச் சீசன் ஆடுன மாதிரி ஜென்மத்துல ஆடுனதில்ல. என் வாப்பா டிவியில பாத்துட்டு அழுதாரு. யாரு குடுத்ததுன்னு தெரியாமலே வாங்கிக்கிட்டேன்.” நஸ்ரின் கவினயாவின் எதிரில் போய்க் குந்தினாள். “நீ இங்கயே இரு. மூணு வருஷமா நீயே போய்ட்டிருக்க. இனிமே மத்தவங்க போவட்டும்.”

பிரணிதா குனிந்து ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினாள். பிறகு, “வேற டீமுக்குக் கைமாறினா அந்த எடை சீசன் முடியற வரைக்கும் இறங்காதுதான சார்?” என்று கேட்டாள்.

“இறங்காது. நூத்துப்பதினெட்டுதான்.”

“அப்ப எனக்கு லாபம்தான். நானும் போறேன்.” யார் முகத்தையும் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு நடந்தாள். லாபத்துக்காகப் போகிறவள் அப்படி நடப்பதில்லை.

பிரணிதாவைப் பெங்களூரு அணி நூற்றுப்பதினெட்டு எடைக்கு ஆசை ஆசையாக வாங்கிக்கொண்டது. கவினயா இல்லாத இடத்தில் அவள் எவ்வளவு ஆடுவாள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தான் என்று பிற்பாடு திட்டினால் திட்டிக்கொள்ளட்டும். நஸ்ரின் ஹைதராபாத் போனாள். எழும்பூரில் அவளை ரயிலேற்றப் போன கூட்டத்தைப் பார்த்து, யாரோ அரசியல்வாதி என்று போர்ட்டர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள்.

அவர்கள் இடத்தில் யாருக்கும் வேண்டாத இரண்டு பேரை எடுத்தேன், ஆளுக்குப் பதினெட்டு எடை. ஒருத்தி கூடலூர்க்காரி மிஸ்பா. வாய் நீளம், கால் அதைவிட நீளம். இந்த முறை எடுப்பதற்கு முன்பு இருவரின் ஆட்டத்தையும் பார்த்தேன் என்பதை ஃபிலோ அக்காவின் கவனத்துக்குக் கொண்டுவந்தேன். “தேறிட்டடா கணக்குப்பிள்ளை” என்றார்.

மறுபடி அதே அதிசயம் நடந்தது. தெரிந்தே பார்த்தபோது இன்னும் பெரிதாக இருந்தது. மிஸ்பாவின் நீளக் கால்கள், தாங்கள் எதற்காக நீளம் என்று கண்டுபிடித்துக்கொண்டன. ஜென்சி கேப்டன் ஆனாள். அவள் நடுவரிடம் வாதாடுவதைப் பார்த்து எங்களுக்கே நம்ப முடியவில்லை. எடைகள் ஏறின. நான் ஒவ்வொரு திங்களும் வியர்த்தேன். கடைசி எடைநாளில் எங்கள் மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று துலாவிடமே கேட்டேன். ஆயிரம் என்றது. ஒன்று கூட இல்லை, ஒன்று குறைவும் இல்லை. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

கடைசி லீக் ஆட்டம் மதுரையோடு. ஜெயித்தால் அரையிறுதி. காசிமேடு கிளப் இருபது வருடத்தில் பார்க்காத அரையிறுதி. ஏலக்கூடத்தைச் சீக்கிரம் மூடிவிட்டு மீன்காரப் பெண்கள் எல்லாம் மைதானத்துக்கு வந்திருந்தார்கள். மிஸ்பா ஒன்று, ஜென்சி ஒன்று. இரண்டுக்கு ஒன்று என்று முன்னணியில் இருந்தோம். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் மிஸ்பாவிடம் பந்து இருந்தது, எதிரில் கோல்கீப்பர் மட்டும்தான். அவள் அடிக்கவில்லை. நின்று, திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த கவினயாவுக்குத் தட்டினாள்.

கவினயா வழக்கம்போலத் தலையைத் தூக்கி யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்தாள். யாரும் ஓடவில்லை. எங்கள் பெண்கள் அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றார்கள். மிஸ்பா கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். பந்து கவினயாவின் காலடியில் இருந்தது, கொடுப்பதற்கு ஆளே இல்லை.

“அடிடி” என்றார் ஃபிலோ அக்கா. கத்தவில்லை, தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அடித்தாள். பந்து கம்பத்தில் பட்டு வெளியே போயிற்று. அரங்கம் மொத்தமும் எழுந்து கைதட்டியது, மதுரைக்காரர்கள் உள்பட. கவினயா தன் வலது காலைக் குனிந்து பார்த்தாள்.

ஆட்டம் முடிந்ததும் மிஸ்பாவைப் பிடித்தேன். “எதுக்கு அப்படிச் செஞ்ச? நீ அடிச்சிருந்தா கோல்.”

“ஒரு மாசமா பிராக்டீஸ்ல தினமும் பண்றோம் சார். தினம் ஒரு பந்தாச்சும் அவளுக்குத் திருப்பிக் குடுத்துட்டு நாங்க நகராம நிப்போம். நஸ்ரின் அக்கா ரயில்ல ஏறும்போது சொல்லிட்டுப் போனாங்களாம்ல, ஜென்சி சொன்னா. அவளுக்கும் யாராச்சும் குடுக்கணும்ல.”

திங்கள்கிழமை, கடைசி எடைநாள். காலையில் கிளப் அறையில் கணினியைத் திறந்தேன். மொத்தம் ஆயிரத்து ஒன்று.

ஒவ்வொரு பெயராகச் சரிபார்த்தேன். ஜென்சி, துலா முன்கூட்டிச் சொன்ன அதே எடை. மிஸ்பா, அதே. எல்லோரும் அதே. ஒரே ஒரு பெயருக்கு எதிரில் மட்டும் எண் மாறியிருந்தது. கவினயா, பதின்மூன்று.

ஆறு வருடத்தில் துலா தப்பாகச் சொன்னது அந்த ஒன்றைத்தான். அவள் யாரை எவ்வளவு தூக்கிவிடுவாள் என்று அதற்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. அவளை ஒருவர் தூக்கிவிடுவார் என்பது அதன் கணக்கிலேயே இல்லை.

வெளியே ஒரே கூச்சல். பெண்கள் கவினயாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். மொத்தம் எவ்வளவு என்று அவர்களும் பார்த்துவிட்டார்கள். மதுரை வெற்றி ரத்து, அரையிறுதி போயிற்று. ஜென்சியின் கண்கள் சிவந்திருந்தன, ஆனால் தோளை அவள் எடுக்கவில்லை. கவினயா எப்படியோ கீழே குதித்து என்னிடம் ஓடி வந்தாள்.

“சார், தப்பா இருக்கும் சார். இன்னொரு தடவ பாருங்க.”

“பாத்துட்டேன். தப்பு இல்ல.”

அவள் நம்பாமல் என் முகத்தையே பார்த்தாள். மிஸ்பா வந்து அவளை இழுத்துக்கொண்டு போனாள். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. டாக்டர் மீனலோசனி.

“பிரதாபன், பார்த்தேன். எனக்கே மனசு கேக்கல. ஒரே ஒரு எடை. ஒரு பந்து கம்பத்துல பட்டதுக்கு ஏறினது. அளவுப் பிழைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், பன்னெண்டுன்னு திருத்திடறேன். சட்டத்துல இடம் இருக்கு. நீங்க அரையிறுதி ஆடலாம். என்ன சொல்றீங்க?”

ஒரு நிமிடம் இருங்கள் என்று சொல்லிவிட்டு, கைப்பேசியைக் கையால் பொத்திக்கொண்டு ஃபிலோ அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன். இருபது வருடம் காத்திருந்தவர் அவர். ஆட்டக்காரியாக இருந்தபோதும் அவர் அரையிறுதி பார்த்ததில்லை. சன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

“அவ எடைதானேக்கா. கவினயாகிட்டயே ஒரு வார்த்தை கேட்டுடலாமா?” என்றேன்.

“கேக்காத” என்றார் அக்கா. “கேட்டா குடுத்துடுவா.”

நான் கைப்பேசியைக் காதில் வைத்தேன்.

“எடை சரியா இருக்கு மேடம்” என்றேன்.